மேசையின் வரலாறு – 9: உப்பை யார் எடுப்பது?

பிரான்சின் விருந்து மேசைக்குத் தட்டும் முள்கரண்டியும் வந்து சேர்ந்த கதையைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். அவற்றுக்கு நடுவே அமர்ந்திருந்த சிறிய வெள்ளிப் பாத்திரங்களுக்கு இப்போது வருவோம். உப்புச் சிமிழ், மிளகுக் கிண்ணம், கடுகு விழுதுச் சாடி, எண்ணெய்க் குப்பியும் வினிகர்க் குப்பியும் நிற்கும் தாங்கி, சர்க்கரையைத் தூவும் துளை மூடிச் செப்பு ஆகியவை அவை. அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்க்கும் பலரும் ஒரே விளக்கத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள்: அந்தக் காலத்தில் உப்பும் மிளகும் விலை உயர்ந்தவை, ஆகவே வெள்ளியில் வைத்தார்கள் என்பது அந்த விளக்கம். சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது நிற்காது. மிளகு மலிந்த பிறகுதான் மிளகுக் கிண்ணங்கள் பெருகின. தெருவில் தள்ளுவண்டியில் விற்ற வினிகருக்கும் கடுகுக்கும்தான் மிகவும் கற்பனை நிறைந்த வெள்ளி உருவங்கள் வார்க்கப்பட்டன. இந்தப் பாத்திரங்களின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் மேசையில் அவை நின்ற இடத்தையும் தீர்மானித்தது, உள்ளே இருந்த பொருளின் விலையைக் காட்டிலும் அதை எடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதுதான். இந்த அத்தியாயத்தின் வாதம் இதுவே.

தொடக்கத்தில் அந்த உரிமை ஒருவருக்கே இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்ரி கோமகனுக்காக வரையப்பட்ட நாள்வழிபாட்டு நூலின் ஜனவரி மாத ஓவியத்தில், கோமகன் அமர்ந்திருக்கும் மேசையில் கப்பல் வடிவப் பொற்கலம் ஒன்று நிற்கிறது. நெஃப் எனப்படும் இந்தக் கப்பற்கலம் தலைவரின் இருக்கையைச் சார்ந்தது. விருந்தினர் கை நீட்டி எடுப்பதற்காக வைக்கப்பட்டதன்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள பர்லி நெஃப் 1527–28இல் பாரிசில் செய்யப்பட்டது. நாட்டிலஸ் சங்கு ஒன்றைக் கப்பலின் உடலாக்கி, பாய்மரமும் மாலுமிகளும் வெள்ளியில் அமைத்து, டிரிஸ்டானும் இசோல்டும் சதுரங்கம் ஆடும் காட்சியையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். இத்தனை வேலைப்பாட்டுக்கு நடுவே உப்புக்குக் கிடைத்த இடம் பின்பகுதியில் ஒரு சிறு கிண்ணம் மட்டுமே. முதலாம் பிரான்சுவா மன்னருக்காக பென்வெனுட்டோ செல்லினி 1540–43இல் செய்த உப்புக்கலமும் அப்படித்தான். அது பொன்னால் ஆனது. இன்று வியன்னாவில் இருக்கிறது. கடல் தேவன் அருகே உப்புக்கு ஒரு படகு, நிலமகள் அருகே மிளகுக்கு ஒரு சிறு மண்டபம். இந்தக் கலங்களின் பிரமாண்டத்துக்கும் அவை கொள்ளும் உப்பின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மன்னர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதைக் கூடம் முழுவதற்கும் காட்டவே அவை நின்றன. நஞ்சு அச்சமும் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நின்றது. மன்னரின் உப்பும் கரண்டியும் கத்தியும் கதனா எனப்பட்ட தனிப் பெட்டியில் அவர் முன் வைக்கப்பட்டன. பதினான்காம் லூயி காலத்தில் உப்பு அந்தப் பெட்டிக்கு மாறிவிட, நெஃப் மன்னரின் உணவு மேசைக் கைத்துண்டுகளைத் தாங்கியது. ஆனாலும் அதைக் கடந்து செல்பவர்கள் தலை வணங்கியாக வேண்டும் என்ற வழக்கம் நீடித்தது. உப்பே இல்லாத கலத்துக்கும் வணக்கம் தொடர்ந்ததென்றால், அது மதிப்புப் பெற்றது உப்பினால் அல்ல என்பது விளங்கும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஒழுங்கு மாறத் தொடங்கியது. பிரெஞ்சு முறைப் பந்தியில் ஒரு சுற்றுக்குரிய பதார்த்தங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் மேசைமேல் சமச்சீராகப் பரப்பப்பட்டன. தட்டுக்குத் தட்டு கொண்டுவந்து பரிமாறும் வழக்கம் அப்போது இல்லை. அருகே இருப்பதை எடுத்துக்கொள்வதும் பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துக் கொடுப்பதும் விருந்தினரின் வேலை. எனவே சுவைகூட்டும் பொருள்களும் எல்லாக் கைகளுக்கும் எட்ட வேண்டியிருந்தது. மேசையின் நடுவே சுர்தூ எனப்பட்ட பெரிய நடுத்தாங்கி தோன்றியது. மெழுகுவர்த்தி, எண்ணெய், வினிகர், சர்க்கரை, உப்பு ஆகியவை அதைச் சுற்றி அமர்ந்தன. பிறகு 18ஆம் நூற்றாண்டில் அவை அங்கிருந்து கலைந்து, மேசையின் நீளமெங்கும் இரண்டாகவும் நான்காகவும் பன்னிரண்டாகவும் பரவின. ஒரு பக்கம் உப்பும் மறு பக்கம் மிளகும் கொள்ளும் இரட்டைச் சிமிழ் வந்தது. அந்தக் காலத்துக் குழம்புப் படகைப் பாருங்கள்: இரு முனையிலும் மூக்கு, இரு பக்கமும் கைப்பிடி. எந்தப் பக்கம் இருப்பவரும் திருப்பாமல் ஊற்றிக்கொள்ளலாம். எண்ணெய்–வினிகர்த் தாங்கியில் இரண்டு குப்பிகளுக்கான வளையங்களோடு, கழற்றிய மூடிகளை வைக்கவென்றே இரண்டு சிறு வளையங்களும் இருக்கும். பணியாள் ஊற்றுவதாக இருந்தால் மூடியை அவர் கையிலேயே பிடித்துக்கொள்வார். விருந்தினரே ஊற்றுவதால்தான் விரிப்பில் எண்ணெய் சிந்தாமல் இருக்க மூடிக்கும் ஓர் இருக்கை தேவைப்பட்டது. மேசையில் யாருடைய கை இயங்கியது என்பதை இந்த இரண்டு சிறு வளையங்கள் எந்த நீதிநூலையும்விடத் தெளிவாகச் சொல்கின்றன.

இதே காலத்தில் பொருள்களின் விலை எந்தத் திசையில் சென்றது என்று பார்ப்போம். கடல்வழி வணிகம் பெருகப் பெருக மிளகு ஐரோப்பாவில் மலிந்தது. இந்தியாவில் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1720களில் மலபார்க் கரையில் மாஹேயைப் பிடித்ததற்கு முதற்காரணம் மிளகு வணிகம்தான். பாரிஸ் மேசையின் இரட்டைச் சிமிழில் இருந்த மிளகுக்குப் பின்னால் இந்தக் கரையும் இருந்தது. மலிந்த மசாலாவைச் செல்வர்கள் சமையலிலேயே குறைத்துக்கொண்டார்கள். லா வரேன் 1651இல் வெளியிட்ட சமையல் நூலுக்குப் பிந்தைய பிரெஞ்சுச் சமையலில், இடைக்காலத்தின் பலவகை மசாலாக் கலவைகள் பின்வாங்கி, வெண்ணெயும் கீரை வகைகளும் உப்பும் மிளகும் முன்வந்தன. விலைதான் பாத்திரத்தைத் தீர்மானித்தது என்றால் 18ஆம் நூற்றாண்டில் மிளகுக் கிண்ணங்கள் குறைந்திருக்க வேண்டும், அவையோ கூடின. கடுகும் வினிகரும் இன்னும் வலுவான சான்று. பாரிசில் இவை தெருவில் கூவி விற்கப்பட்ட பொருள்கள். வினிகர் விற்பவரின் தள்ளுவண்டி அந்த நகருக்கு எவ்வளவு பழகிய காட்சி என்றால், லூயி செபஸ்தியன் மெர்சியே 1775இல் வெளியிட்ட நாடகத்துக்கு அந்த வண்டியையே தலைப்பாக வைத்தார். தெருவில் உருண்ட அதே பீப்பாயைத்தான் பாரிஸ் வெள்ளித் தட்டார்கள் சிறிதாக்கிக் கடுகுச் சாடியாக வார்த்தார்கள். ஏழைகளும் வாங்கிய ஒரு பொருளின் விற்பனைக் கலமே வெள்ளியில் செல்வரின் மேசைக்கு வந்தபோது, அதில் பொருளின் அருமையைக் காட்டும் நோக்கம் இருந்திருக்க முடியாது. விருந்தினர் தாமே திறந்து, தாமே எடுத்து, அதைப் பற்றிப் பேசி மகிழ ஒரு பொருளாக அது நின்றது.

இந்தக் கால வரிசையை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பிரெஞ்சு வெள்ளியின் முத்திரை முறை. புரட்சிக்கு முந்தைய பாரிசில் ஒரு வெள்ளிப் பொருள் விற்பனைக்கு வருமுன் நான்கு முத்திரைகளைப் பெற்றது. முதலாவது தட்டாருடையது: முடி சூடிய லில்லிப் பூ, அவருடைய பெயரின் முதலெழுத்துகள், அவருக்கே உரிய ஒரு சின்னம், இவற்றோடு இரண்டு புள்ளிகள். தூய்மையில் இரண்டு கிரெய்ன் வரை குறைய அனுமதி உண்டு என்பதற்கு அந்தப் புள்ளிகள் அடையாளம். இரண்டாவது, வேலை முடியுமுன்பே வரிக் குத்தகைதாரர் அடித்தது. வரி உண்டு என்பதற்கு அது பதிவு. மூன்றாவது, தட்டார் சங்கத்தின் காவலர்கள் தூய்மையைச் சோதித்து இட்ட எழுத்து. ஆண்டுதோறும் புதிய காவலர்கள் பொறுப்பேற்றபோது அந்த எழுத்து மாறியது. அருங்காட்சியகக் குறிப்புகளில் 1751–1752 என்பதுபோல் இரட்டை ஆண்டு எழுதப்படுவது இதனால்தான். நான்காவது, வரி கட்டி முடிந்ததைக் காட்டும் சிறு முத்திரை. பாரிசின் தரம் ஆயிரத்துக்கு 958 பங்கு வெள்ளி. வரி வாங்கவும் கலப்படத்தைத் தடுக்கவும் எழுந்த இந்த ஏற்பாடு, ஓர் உப்புச் சிமிழ் எந்த ஆண்டில் பிறந்தது என்பதை இன்று நமக்குச் சொல்கிறது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலிமையானது. பிரான்சின் பழைய வெள்ளி பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பதை வைத்து எதையும் நிறுவலாமா என்பது அது. உருக்கியது உண்மை. 1689இல் போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையின் வெள்ளி அறைகலன்களை நாணயச் சாலைக்கு அனுப்பினார். ஏறத்தாழ 20 டன் வெள்ளி அதில் கரைந்தது. 1709இல் போரும் கொடுங்குளிரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது மீண்டும் உருக்கினார்கள். பெரும் பிரபுக்கள் எட்டே நாளில் பீங்கானுக்கு மாறிவிட்டதாக அரசவையினரான சேன் சிமோன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1759இல் ஏழாண்டுப் போரின் நடுவே பதினைந்தாம் லூயியும் அதையே செய்தார். புரட்சி வந்தபோது இன்னொரு முறை. எடை அதிகமானவை முதலில் போயின. சிறியவை தப்பின என்பதால் சிறியவை அதிகம் செய்யப்பட்டதுபோல் ஒரு தோற்றம் வரலாம் என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆனால் உலைக்கு எட்டாத சான்றுகளும் நம்மிடம் உண்டு. பியேர் ஜெர்மன் என்ற தட்டார் 1748இல் வெளியிட்ட மாதிரி வரைபட நூலில் 100 தகடுகள் இருக்கின்றன. தாளில் அச்சானவற்றை எந்த மன்னரும் உருக்க முடியாது. லூவ்ரில் உள்ள ஷார்தினின் 1763ஆம் ஆண்டு ஓவியத்தில், உணவுக்குப்பின் கலைந்து கிடக்கும் மேசையில் எண்ணெய்–வினிகர்த் தாங்கி நிற்கிறது. அயல்நாட்டு அரசவைகள் பாரிசில் செய்வித்தவையும் பிழைத்தன. 1755 நிலநடுக்கத்தில் மேசைப் பாத்திரங்களை இழந்த போர்ச்சுகல் அரசவைக்காக பிரான்சுவா தோமா ஜெர்மன் செய்த வெள்ளித் தொகுதி இன்றும் லிஸ்பனில் உள்ளது. ருஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் பாரிசில் ரோத்தியே குடும்பத்தாரிடம் 1770இல் செய்யச் சொன்ன ஓர்லோவ் தொகுதி 3,000 உருப்படிகளுக்கு மேற்பட்டது. பிரெஞ்சு உலைகளுக்கு அப்பால் பிழைத்த இவையும், தாளிலும் துணியிலும் பதிந்த சான்றுகளும் ஒரே திசையைக் காட்டும்போது, உருக்கிய வெள்ளியின் இழப்பு நம் வாதத்தைக் குலைக்காது.

இரண்டாவது மறுப்பு பொருள்களின் இயல்பிலிருந்து வருவது. உப்பு வெள்ளியை அரிக்கும். கடுகில் உள்ள கந்தகச் சேர்மம் அதைக் கறுக்கச் செய்யும். வினிகரின் அமிலமும் உலோகத்துக்கு ஆகாது. ஆகவே இந்தப் பாத்திரங்களின் வடிவம் வேதியியலின் கட்டாயம்தான், உரிமையைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லலாம். வேதியியல் தன் பங்கைச் செய்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. உப்புச் சிமிழின் உட்புறத்துக்குப் பொன் முலாம் பூசியது அதனால்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், துளையிட்ட வெள்ளிச் சட்டத்துக்குள் நீலக் கண்ணாடிக் கிண்ணம் செருகும் முறை பரவியது. சிமிழுக்கும் கடுகுச் சாடிக்கும் அது பொருந்தியது. எண்ணெய்க்கும் வினிகருக்கும் குப்பி கண்ணாடியாக, தாங்கி மட்டும் வெள்ளியாக இருந்தது. ஆனால் இவையெல்லாம் பாத்திரத்தின் உட்புறத்தைத்தான் விளக்குகின்றன. ஒரே மேசைக்கு ஓர் உப்புக்கலம் ஏன் பன்னிரண்டு சிமிழாகப் பிரிந்தது என்பதற்கோ, மூடியை வைக்க வளையம் ஏன் வந்தது என்பதற்கோ அரிப்பு விடை தராது. மேலும், வெள்ளி இவ்வளவு பொருத்தமற்ற உலோகம் என்றால் பீங்கானோ கண்ணாடியோ மட்டுமே போதும். பொருத்தமின்மையைப் பொன் முலாமும் நீலக் கண்ணாடியும் கொண்டு சமாளித்து, விருந்தினர் ஒவ்வொருவருக்கும் அருகே வெள்ளியை வைத்தார்கள் என்றால், மன்னரிடம் மட்டும் இருந்த மதிப்பில் ஒரு பங்கைத் தங்கள் கைக்கும் கேட்டுக்கொண்டார்கள் என்றே கொள்ள வேண்டும். மன்னரேகூட அதற்கு இசைந்தார். வெர்சாயின் தனியறைகளில் ஒன்றுக்காக ழான் பிரான்சுவா தெ துரோய் 1735இல் தீட்டிய சிப்பி விருந்து ஓவியத்தில் விருந்தினர்கள் தாமே ஷாம்பெயின் புட்டியைத் திறக்கிறார்கள். தெறித்த தக்கையைத் தலை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். பதினைந்தாம் லூயி விரும்பியது இந்த வகை விருந்தைத்தான்.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கனமானது. மேசையைச் சுற்றியிருந்த சில பிரபுக்கள் தங்களுக்குள் உரிமையைப் பகிர்ந்துகொண்டதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? வாயிலுக்கு வெளியே இருந்த மக்களுக்கு அதனால் என்ன? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வெள்ளியின் அழகை மட்டும் பேசுவது வரலாறாகாது. இதே பிரான்சில் உப்புக்கு கபேல் என்ற வரி இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அது, 1680ஆம் ஆண்டு அரசாணையில் முழு வடிவம் பெற்றது. வரி மிகக் கடுமையாக இருந்த மாநிலங்களில் 8 வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் கணக்கிலும் குடும்பம் அரசுக் கிடங்கில் உப்பு வாங்கியே ஆக வேண்டும். 14 பேருக்கு ஆண்டுக்கு ஒரு மினோ, அதாவது ஏறத்தாழ 49 கிலோ. கட்டாயமாக வாங்கிய அந்த உப்பையும் விருப்பப்படி பயன்படுத்த முடியாது. சமையல் பானைக்கும் மேசையின் உப்புச் சிமிழுக்கும் மட்டுமே அது என்று சட்டம் வரையறுத்தது. பன்றி இறைச்சியை உப்பிட்டுச் சேமிக்க வேண்டுமானால் தனியாக இன்னும் வாங்க வேண்டும். அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கேர் 1781இல் வெளியிட்ட கணக்குப்படி, மிகுவரிப் பகுதிகளில் அன்றைய நாணயத்தில் 60 லிவருக்குச் சற்று மேல் விற்ற ஒரு மினோ உப்பு, வரிவிலக்குப் பெற்ற பிரித்தானி மாநிலத்தில் இரண்டு மூன்று லிவருக்குக் கிடைத்தது. எல்லையைத் தாண்டி உப்பைக் கடத்தியவர்கள் பிடிபட்டால் துடுப்புக் கப்பல்களில் அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே வேளையில் பல அதிகாரிகளும் துறவு மடங்களும் வரியில்லா உப்பைச் சலுகையாகப் பெற்றன. சர்க்கரைச் செப்பின் கதை இதைவிடக் கொடியது. அதிலிருந்து தூவிய சர்க்கரை, சேன் தொமேங்கு உள்ளிட்ட கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது; அந்த அடிமைமுறைக்கு 1685இல் தனிச் சட்டத் தொகுப்பே இயற்றப்பட்டிருந்தது. ஆகவே வெள்ளிச் சிமிழ் சமத்துவத்தின் சின்னம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்துவதற்கு மாறாக அதை நிறைவு செய்கிறது. உப்பை யார், எவ்வளவு, எதற்காக எடுக்கலாம் என்பது மாளிகையின் மேசையிலும் குடிசையின் அடுப்படியிலும் அதிகாரத்தின் கேள்வியாகவே இருந்தது. மேசையில் அது தளர்ந்தது, குடிசையில் இறுகியது. சிமிழின் பெயரையே எழுதி வைத்துக் குடியானவரின் உப்பைக் கட்டுப்படுத்திய சட்டமும், விருந்தினர் கைக்கருகே வைக்கப்பட்ட வெள்ளிச் சிமிழும் ஒரே அரசின் இரு முகங்கள். 1789இல் நாடெங்கும் எழுதப்பட்ட குறைப் பட்டியல்களில் கபேலுக்கு எதிரான முறையீடுகள் நிறைந்திருந்ததும், அடுத்த ஆண்டே தேசியப் பேரவை அதை ஒழித்ததும் இந்த முரணின் விளைவுகள்.

புரட்சிக்குப் பின் நடந்தவையும் இதே வாதத்தை உறுதி செய்கின்றன. 1791இல் தட்டார் சங்கங்கள் கலைக்கப்பட்டன. பழைய முத்திரை முறையும் அவற்றோடு முடிந்தது. 1797 நவம்பரில் வந்த சட்டம், ஆயிரத்துக்கு 950 என்றும் 800 என்றும் இரண்டு தரங்களை நாடு முழுமைக்கும் வகுத்தது. மினர்வா தேவியின் தலை பொறித்த முத்திரை 1838இல் வந்தது. இதற்கு இடையில் நெப்போலியன் முடி சூடியபோது பாரிஸ் நகரம் அவருக்கு அளித்த பரிசைக் கவனியுங்கள். ஆன்றி ஓகுஸ்த் 1804இல் பொன் முலாம் பூசிச் செய்த மேசைத் தொகுதி அது. அதில் கப்பல் வடிவ நெஃப் மீண்டும் தோன்றியது. மேசையில் அதற்குப் பயன்பாடு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரே தலைவர் என்ற கருத்தை மேசையில் மறுபடி நாட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பழைய கலம் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1806இல், அதே பேரரசர் உப்பு வரியையும் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் மேசையின் பழக்கத்தைத் திருப்ப அவராலும் முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் பங்கிட்டுக் கொண்டுவரும் ருஷ்ய முறை பரவியபோது, எதை உண்பது, எந்த வரிசையில் உண்பது என்ற தெரிவெல்லாம் விருந்தினர் கையைவிட்டுப் போயிற்று. உப்பும் மிளகும் கடுகும் மட்டும் அவர் கையில் நின்றன. ஆளுக்கொரு சிமிழ் என்ற வழக்கம் அப்போது வேரூன்றியது. 1842இல் ஷார்ல் கிரிஸ்தோஃப்ல் மின்முலாம் பூசும் காப்புரிமைகளைப் பெற்றார். உப்பு, மிளகு, கடுகு, எண்ணெய், வினிகர் ஐந்தையும் ஒரே கைப்பிடித் தாங்கியில் அடக்கிய தொகுதி, வெள்ளி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் அதன்பின் சென்று சேர்ந்தது. பழைய வெள்ளித் தட்டார்கள் பிரபுக்களுக்காக உருவாக்கிய ஏற்பாடு, உலோகம் மலிந்தபின் யாவருக்கும் உரியதாயிற்று.

பழைய பிரெஞ்சு வெள்ளியை எங்கே காண நேர்ந்தாலும் வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எடையையும் வேலைப்பாட்டையும் மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை சிமிழ்கள் ஒரு தொகுதியில் உள்ளன, மூக்கு எத்தனை, மூடிக்கு வளையம் உண்டா, எந்தப் பக்கத்திலிருந்து கை நீள வேண்டும் என்று பாருங்கள். யாருக்கு எடுக்கும் உரிமை இருந்தது என்பதை அவை சொல்லிவிடும். யாருக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது என்பதை அறிய வரிக் கணக்குகளையும் தோட்டத் தீவுகளின் வரலாற்றையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வரலாறு அரைகுறைதான். அடுத்த இதழில், 1709க்குப் பின் வெள்ளியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிய பீங்கானின் கதையைத் தொடர்வோம்.